படிக்கட்டில் கேட்ட விலை

அத்தியாயம் 17

கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினால் அதிலுள்ள எழுத்து மாறிவிடுமா என்ன? போன வாரம் அப்படி வைத்துவிட்டுப் படுத்த அளவுக்காரி, செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததும் மறுபடி பிரித்துப் பார்த்தாள். அதே வரிதான் இருந்தது.

'மூன்றாவது ஒப்பீட்டு வீட்டின் விலைக்கான தகவல் மூலத்தை, உரிய ஆதாரத்துடன், வரும் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நேரில் விளக்கவும்.'

இந்தத் தொடரில் இன்றைக்குத்தான் காலடி எடுத்து வைக்கிறவர்கள் ஒரு நிமிடம் காது கொடுங்கள். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடுகளை அளந்து, விலை மதிப்பிட்டு, அறிக்கை எழுதிக் கொடுப்பது இவள் பிழைப்பு. ஒரு கட்டில் வாங்குவதென்றாலும் டேப்பை எடுத்துக்கொண்டு அறையை அளக்க ஆரம்பித்துவிடுவாள் என்பதால், வீட்டில் வந்த பெயர் அளவுக்காரி. வைத்தவன் தம்பி. அவன் வீட்டுத் தரகன். 'ஒருத்தி அளக்கிறா, ஒருத்தன் விக்கிறான், எனக்கென்ன குறைச்சல்' என்று அம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது.

பதினான்கு மாதங்களுக்கு முன் சாலையை அகலப்படுத்த ஒரு தெருவை எடுத்தார்கள். அந்தத் தெருவில் ஒரு தையல்காரம்மாவின் வீடும் இருந்தது. அதற்கு இழப்பீடு எவ்வளவு என்று மதிப்பிட்டுச் சொல்லும் வேலை அளவுக்காரிக்கு வந்தது.

ஒரு வீட்டின் விலையை யாரும் ஆகாயத்திலிருந்து பறித்துக்கொண்டு வர முடியாது. அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்ற மூன்று வீடுகளை எடுத்து, அவற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் படிவத்தில் இரண்டு கட்டங்கள். இந்த விலை எங்கிருந்து கிடைத்தது என்பது ஒன்று. அது சரிதான் என்று யாரிடம் கேட்டு உறுதி செய்தீர்கள் என்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு வாயாக இருக்க வேண்டும். தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

முதல் இரண்டு வீடுகளில் வில்லங்கம் இல்லை. மூன்றாவது வீடு அதே தெருவில், அதே வயதில், அதே அளவில் இருந்தது. ஆனால் மற்ற இரண்டையும்விடக் கால்வாசி குறைவாக விலை போயிருந்தது. மிக நெருங்கிய வீடு என்பதால் அளவுக்காரி அதன்மேல்தான் அதிகம் சாய்ந்தாள். தையல்காரம்மாவின் வீட்டு விலையும் சரிந்தது.

விலை குறைவென்று தையல்காரம்மா விசாரணை அலுவலகத்தில் புகார் கொடுத்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. அந்த மூன்றாவது வீடு சந்தையில் விற்ற வீடே இல்லை. அந்த வீட்டின் சொந்தக்காரர் தன் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்குக் கொடுத்தது. வீட்டுக்குள்ளேயே பேசி, பாதி விற்பனை, பாதி அன்பளிப்பு என்று முடிந்த விஷயம். பத்திரத்தில் விலை இருக்கும். பாசம் இருக்காதே.

'வெளி ஆளுக்கு, திறந்த சந்தையில் விற்பனை' என்று விற்பனைப் பட்டியலில் அதை ஏற்றிய தரகன் யார்? தம்பி. அது சரிதானா என்று அளவுக்காரி யாரிடம் கேட்டு உறுதி செய்தாள்? அதுவும் தம்பி.

இரண்டு கட்டங்களையும் நிரப்பியது ஒரே வாய். கதை இங்கேதான் நிற்கிறது. இனி வாருங்கள், கீழே போகலாம்.

"அக்கா, இறங்கி வா. தட்டு வச்சாச்சு."

தம்பியின் குரலில் எப்போதும்போல் ஒரு சிரிப்பு இருந்தது. அவன் துக்க வீட்டுக்குப் போனாலும் கடைசியில் யாருக்காவது வீடு பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு வருகிறவன்.

அளவுக்காரி மாடியிலிருந்து இறங்கினாள். கீழே இருந்த மூன்று அறைகளில் அம்மாவும் தம்பியும் அவன் மனைவியும். மேலே ஒற்றை அறையில் இவள். ஆறு வருடத்துக்கு முன் கல்யாண வாழ்க்கை கசந்து போனபோது, தம்பிதான் ஒரு வேனை எடுத்துக்கொண்டு வந்து அவள் சாமான்களை ஏற்றினான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நன்றியை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

"எனக்கு எதுவும் இறங்காதுடா."

"இதைப் பாரு, இறங்கும்." தம்பி ஒரு வெற்றுத் தாளை மேஜையில் வைத்தான். "உன் போன வருஷத்துக் குறிப்பு நோட்டுலேருந்து எடுத்தது. அதே காகிதம், அதே கோடு. வீடு வாங்கினவர்கிட்ட பேசினேன், வெளி ஆளுக்கு வித்ததுதான்னு சொன்னார்னு உன் கையால எழுதி, பழைய தேதியைப் போட்டு ஃபைல்ல சொருகிடு. முடிஞ்சு போச்சு."

"அவர்கிட்ட நான் பேசவே இல்லையேடா."

"நீ பேசினதா அவர் சொல்வார். மூணு மணிக்கு நானே கூட்டிட்டு வர்றேன்."

"பொய் சாட்சியா?"

"உறவுக்காரங்க விஷயம் வெளிய போகக் கூடாதுன்னு அவருக்கும் இருக்குல்ல. நம்ம எல்லாருக்கும் நல்லதுக்கா." சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "நீ எழுதலைன்னா என் லைசென்ஸ் போயிடும். உன்னுதும் போகும். ரெண்டும் போனா இந்த வீட்டுல யாரு சம்பாதிப்பா?"

அந்த வருடம் பதினைந்து விற்பனை காட்டினால் முதல் வரிசைத் தரகர்கள் பட்டியலில் பெயர் வரும். தம்பியின் கணக்கு பதினாலில் நின்றிருந்தது. வெறும் பத்திர வேலைக்காகத் தன்னிடம் வந்த அந்தக் குடும்பக் கைமாற்றத்தை, பதினைந்தாவதாக ஏற்றிவிட்டான். அவ்வளவுதான் விஷயம். இதற்குப் பின்னால் பெரிய சதி எதுவும் இல்லை என்பதுதான் அளவுக்காரிக்கு வயிற்றெரிச்சல்.

"அந்தத் தையல்காரம்மா?"

"அவங்களுக்கென்ன? கொடுத்ததை வாங்கிட்டுத்தானே போனாங்க. கையெழுத்தும் போட்டாங்க."

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "அவன் சொல்றதைக் கேளுடி. உனக்குக் கெடுதலா சொல்வான்?" என்றாள். கதவோரம் தம்பி மனைவி ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஏழாவது மாதம். அவள் நிற்பதே பேசுகிற மாதிரி இருந்தது.

அளவுக்காரி படிக்கட்டைப் பார்த்தாள். அன்றைக்கும் இந்தப் படிக்கட்டுதான். அறிக்கை கொடுக்க வேண்டிய கடைசி நாள். ஐந்தாவது படியில் பேனாவோடு நின்று, "டேய், அந்த மூணாவது வீடு சரியான விற்பனைதானே?" என்று இவள் குரல் கொடுத்தாள். தட்டின் முன் உட்கார்ந்திருந்த தம்பி, வாய் நிறையச் சோற்றோடு, "ஆமாமா, எழுதிக்கோ" என்றான். அம்மா பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள். இவள் மேலே போய் எழுதிக்கொண்டாள். 'தரகர். தொலைபேசியில் உறுதி செய்யப்பட்டது.' படிவத்தில் நேரில், தொலைபேசி, கடிதம் என்று மூன்றே கட்டங்கள்தான் இருந்தன. படிக்கட்டு என்று ஒரு கட்டம் இல்லை.

பெயர், தேதி, நேரம் ஒன்றும் எழுதவில்லை. தம்பிதானே, எங்கே ஓடிவிடப்போகிறான் என்று நினைத்திருந்தாள்.

"யோசிக்கிறேன்" என்று சொல்லி, தாளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"யோசிக்க என்னக்கா இருக்கு" என்றான் தம்பி. இப்போது சிரிப்பு சுத்தமாக இல்லை.

அவளுடைய அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஒரு மேஜையும் இரண்டு அலமாரிகளும் கொண்ட அறை. மின்விசிறி சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் முனகும். கதவைத் தாழிட்டுக்கொண்டு, தையல்காரம்மாவின் கோப்பை எடுத்து மேஜையில் வைத்தாள்.

தம்பி கொடுத்த தாளைப் பக்கத்தில் விரித்தாள். பேனாவைத் திறந்து பழைய தேதியை எழுதினாள். 'வீடு வாங்கியவருடன்' என்று இரண்டு சொற்கள்கூட எழுதிவிட்டாள். ஐயோ, எவ்வளவு சுலபமாக வருகிறது! அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

எழுதுவதை நிறுத்திவிட்டுக் கோப்பைப் புரட்டினாள். ஆறாம் பக்கம் வந்தது. அவள் கையால் போட்ட வரைபடம். முன்னறை, உள்ளறை, சமையலறை. பின்னால், சுவரை ஒட்டி, தனியாக ஒரு அறை. 'தையல் அறை. பன்னிரண்டுக்கு ஒன்பது. செங்கல் சுவர். நகராட்சிப் பதிவேட்டில் இல்லை. நேரில் அளந்தது.'

அந்த அறை எந்தப் பதிவேட்டிலும் ஏறாத அறை. தையல்காரம்மாவும் அவர் கணவரும் வருமானம் வரவர, வருடத்துக்கு ஒரு சுவராகக் கட்டியது. அளவுக்காரி அளந்த மூன்றாம் மாதமே தெருவை இடித்துத் தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு அங்கே தார் ஊற்றிய சாலைதான் இருக்கிறது. அந்த வீட்டை மறுபடி மதிப்பிட வேண்டுமென்றால், போய் அளக்க வீடே இல்லை. இந்த ஆறாம் பக்கம் ஒன்றுதான் பாக்கி.

அளவுக்காரிக்கு விஷயம் பளிச்சென்று விளங்கியது. தம்பியின் தாளைக் கோப்பில் சொருகினால், மூன்றாவது வீடு நல்ல விற்பனையாகிவிடும். புகார் தள்ளுபடியாகும். தையல்காரம்மாவுக்குக் கொடுத்த விலையே கடைசி விலையாக நின்றுபோகும். சொருகாமல் உண்மையைச் சொன்னால், மூன்றாவது வீட்டைக் கழித்துவிட்டு, ஆறாம் பக்கத்தை வைத்து வேறொருவர் புதிதாக மதிப்பிடுவார். அந்தம்மாவுக்குச் சேர வேண்டியது சேரும். தம்பிக்கும் தனக்கும் அடி விழும்.

தாளை நான்காகக் கிழித்தாள். பிறகு எட்டாக. மருந்துக்கடைக்காரர் கீழே யாரிடமோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அளவுக்காரி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவளுக்குத் தம்பியை ரொம்பப் பிடிக்கும். அதை இங்கே சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதியவனாவேன்.

விசாரணை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், நடைபாதையில் ஒரு நீள பெஞ்சு. அதன் ஒரு முனையில் தையல்காரம்மா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கியது. வேலைக்கு நடுவில் எழுந்து வந்தவர் கழற்ற மறந்துவிட்டார் போல.

வேறு இடமில்லாமல் அளவுக்காரி அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நீங்கதானே அன்னிக்கு அளக்க வந்தது?" என்றார் தையல்காரம்மா. கோபம் எதுவும் இல்லாத குரல்.

"ஆமாம்மா."

"ஒரு மணி நேரம் அளந்தீங்க. தண்ணி குடுத்தேன். அந்த மூணாவது வீட்டுக்கு இருபது வருஷமா நான்தான் துணி தைக்கிறேன். அந்த வீட்டுக்காரர் தன் மச்சானுக்குக் குடுத்தது அங்க எல்லாருக்கும் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அளவுக்காரிக்குச் சுருக்கென்றது. மூலம் தேடி வீட்டுப் படிக்கட்டில் நின்றவள், தண்ணீர் கொடுத்த கையிடம் கேட்கவில்லை.

"இப்போ எங்கம்மா இருக்கீங்க?"

"ஒரு ரூமு. மூணாவது மாடி. குடுத்த விலைக்குக் கீழ்வீடு கிடைக்கல. எங்க வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழ வராதுல்ல, பாத்திருப்பீங்களே. ஏத்தும்போது நாலு பேர் சேந்து தூக்கிட்டுப் போனாங்க." நாடாவை விரலில் சுற்றினார். "போன மாசம் இறக்கும்போதும் நாலு பேர்தான்."

மன்னிப்பு என்ற சொல் அந்த பெஞ்சில் உட்கார இடமில்லாமல் நின்றது.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி, வீடு வாங்கியவரை அழைத்துக்கொண்டு வந்தான். அக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். எழுதிட்டியா என்று அதற்கு அர்த்தம். அளவுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் புரிந்துகொண்டான். அப்போது அவன் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. ஏனென்று அவளுக்கு விளங்கவில்லை.

உள்ளே மேஜைக்குப் பின்னால் அதிகாரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கோப்பைப் பார்த்தார். கண்டிப்பானவர், ஆனால் எரிந்து விழுகிறவர் இல்லை. முதலில் அளவுக்காரியையும் தையல்காரம்மாவையும் மட்டும் கூப்பிட்டிருந்தார்.

"மூணாவது வீடு. தகவல் மூலம் விற்பனைப் பட்டியல், சரி. உறுதி செய்த மூலம் 'தரகர்'னு போட்டிருக்கீங்க. எந்தத் தரகர்?"

"என் தம்பி சார்."

அதிகாரியின் பேனா நின்றது. "கூடப்பிறந்தவரா?"

"ஆமா சார். பட்டியல்ல ஏத்தினதும் அவன்தான். உறுதி சொன்னதும் அவன்தான். ரெண்டு மூலம்னு எழுதினேன். உண்மையில ஒண்ணுதான். உறவுக்காரங்களுக்குள்ள நடந்த விற்பனைன்னு எனக்கு அப்போ தெரியாது. ஆனா வேற யார்கிட்டயாவது கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். தப்பு என்னுது."

சொல்லி முடித்ததும் உடம்பே லேசானது போலிருந்தது. தையல்காரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லது. மறைக்காம சொன்னீங்க" என்றார் அதிகாரி. "அப்போ அந்த வீட்டை நீக்கிட்டு, உங்க அளவுகளை வச்சே மறுமதிப்பீட்டுக்கு அனுப்பலாம். ஒண்ணே ஒண்ணு. தம்பிகிட்ட எப்படிக் கேட்டீங்க? இங்க தொலைபேசின்னு இருக்கு."

இந்த இடத்தில் அளவுக்காரி செய்ததை நினைத்தால் எனக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. படிக்கட்டில் நின்று கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இவ்வளவு சொன்னவளுக்கு அது பெரிய காரியமா? ஆனால் கோப்பில் இன்னொரு வரியும் பொய் என்றால், ஆறாம் பக்கத்தையும் நம்ப மாட்டார்களோ என்று ஒரு நொடி பயந்தாள். நல்ல எண்ணம்தான்.

"ஆமா சார். ஃபோன்ல."

"உங்க நம்பர்லேருந்து?"

"ஆமா."

அதிகாரி அதை எழுதிக்கொண்டு, தம்பியைக் கூப்பிடச் சொன்னார்.

தம்பி, வீடு வாங்கியவரை வெளியிலேயே விட்டுவிட்டு வந்து நின்றான். அக்காவைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தான்.

"மூணாவது வீட்டு விற்பனை பத்தி உங்க அக்கா உங்ககிட்ட ஃபோன்ல கேட்டாங்களா?"

"இல்ல சார்."

அளவுக்காரிக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது.

"அந்த வீட்டைப் பத்தி அக்கா எனக்கு ஃபோன் பண்ணினதே இல்ல சார். இது அந்த மாசத்து ஃபோன் பில்." சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேஜையில் வைத்தான். "எல்லாக் காலும் இதுல இருக்கு. அக்கா நம்பரைப் பாருங்க."

"வேற எந்த விதமாவது கேட்டாங்களா?"

"வீட்டுல நாங்க தொழில் பேசறதே இல்ல சார். நான் பட்டியல்ல ஏதோ கவனக்குறைவா ஏத்தியிருக்கேன். அபராதம் போடுங்க, கட்டிடறேன். ஆனா அக்கா என்கிட்ட கேட்டு உறுதி பண்ணினாங்கன்னு சொல்றது..." தலையை மெல்ல ஆட்டினான். "எனக்குத் தெரியாது சார்."

அதிகாரி பில்லின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். கீழே வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஃபோன் வரலையேம்மா."

"ஃபோன்ல இல்ல சார்!" அளவுக்காரியின் குரல் உடைந்தது. "வீட்டுல கேட்டேன். படிக்கட்டுல நின்னு கேட்டேன். அவன் சாப்பிட்டுக்கிட்டிருந்தான். படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லைன்னு ஃபோன்னு போட்டுட்டேன்."

"ரெண்டு நிமிஷம் முன்னாடி என்கிட்டயும் ஃபோன்னுதானே சொன்னீங்க?"

"பயந்துட்டேன் சார்."

"ஒருத்தர்கிட்டயும் கேக்காம, கேட்டதா எழுதியிருந்தா அது கவனக்குறைவு இல்ல. இட்டுக்கட்டினது." அதிகாரி கோப்பை மூடினார். "இதுல ஒரு வரி இட்டுக்கட்டினதுன்னா, மத்த வரிங்களை நான் எப்படி நம்பறது? உங்க அளவு, உங்க வரைபடம் எல்லாமே சந்தேகத்துல வருது. இதை வச்சு மறுமதிப்பீட்டுக்கு அனுப்ப எனக்கு அதிகாரம் இல்ல. பதிவேட்டுல இருக்கற மூணு அறையை வச்சுத்தான் முடிவு பண்ணணும்."

"என் பின்னறை?" என்றார் தையல்காரம்மா.

"அதுக்கு வேற ஆதாரம் இருக்கா?"

"ஃபோட்டோ இருக்கு சார், ஃபைல்லயே" என்றாள் அளவுக்காரி.

"ஃபோட்டோ சுவரைக் காட்டும். எத்தனை அடின்னு சொல்லாது. அதுவும் இதே ஃபைல்லதான் இருக்கு."

தையல்காரம்மா நாற்காலியின் நுனிக்கு வந்தார். "இருபத்திரண்டு வருஷம் அதுல உக்காந்து தைச்சேன் சார். இடிச்சதும் நீங்கதான். இப்போ அப்படி ஒரு அறை இருந்ததுக்கே சாட்சி இல்லைங்கறீங்களா?"

அளவுக்காரி சொல்ல ஆரம்பித்தாள். யாரும் கேட்காமலே, மூடிய கோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பன்னிரண்டுக்கு ஒன்பது சார். தெற்குச் சுவர்ல ஜன்னல், மூணரை அடி. தரையில மெஷின் கால் பதிஞ்ச நாலு குழி. கதவு உள்பக்கமா திறக்கும். மேல் மூலையில ஒரு விரிசல், ஒண்ணரை அடி."

"ஒண்ணே முக்கால்" என்றார் தையல்காரம்மா மெதுவாக. "மழைக்கு முன்னாடி பூசணும்னு இருந்தோம்."

அதிகாரி பேனாவை எடுக்கவில்லை. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "வாய் வார்த்தையை நான் எழுத முடியாதும்மா" என்றார். பிறகு அளவுக்காரியிடம் கேட்டார். "படிக்கட்டுல கேட்டப்போ வேற யாராவது இருந்தாங்களா?"

"எங்கம்மா இருந்தாங்க."

தம்பி முதல் தடவையாக அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்போ வியாழக்கிழமை அவங்களைக் கூட்டிட்டு வாங்க. நீங்க உண்மையிலயே கேட்டீங்கன்னு அவங்க சொன்னா, இட்டுக்கட்டல்ங்கறதை எடுத்துட்டு, ஃபைலை ஏத்துக்கலாம். இல்லைன்னா உங்க உரிமத்தை ரத்து பண்ணி, வழக்குப் பதியச் சொல்லி எழுத வேண்டியிருக்கும். இந்தம்மா புகாரும் முடிஞ்சுடும்."

வாசலில் தம்பி பைக்கை எடுத்துக்கொண்டிருந்தான். அளவுக்காரி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

"என்னை முதல்ல போட்டுக் குடுத்தது நீ" என்றான் தம்பி. "அந்தத் தாளை எழுதியிருந்தா இது எதுவுமே நடந்திருக்காது. நான் அப்புறம்தான் வாயைத் திறந்தேன்."

அது நியாயம் போலத்தான் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் வேனில் சாமான் ஏற்றிய கைகள் ஹாண்டில்பாரைப் பிடித்திருந்தன. அவளுக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் பில் ஞாபகம் வந்தது.

"அந்த பில்லை எப்போ எடுத்தே?"

தம்பி வண்டியைக் கிளப்பினான்.

"டேய், கேக்கறேன்ல. பதினாலு மாசத்துக்கு முந்தின பில். எப்போ எடுத்தே?"

"வெள்ளிக்கிழமை" என்றான் தம்பி, அவளைப் பார்க்காமல். கடிதம் வந்த அன்றைக்கு. பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

பேருந்து நிறுத்தத்தில் தையல்காரம்மா ஏற்கெனவே நின்றிருந்தார். இரண்டு பேருந்துகள் வந்தன, இரண்டும் இவர்களுடைய பேருந்து இல்லை. பிறகு அளவுக்காரியின் ஃபோன் அடித்தது. அம்மா.

"வியாழக்கிழமை என்னை எங்கயும் கூப்பிடாதே" என்றாள் அம்மா, எடுத்த எடுப்பிலேயே. தம்பி வழியில் எங்கேயோ நிறுத்திப் பேசியிருக்கிறான். "அன்னிக்கு நான் அடுப்படியில இருந்தேன். எனக்கு எதுவும் காதுல விழல."

"அம்மா, நீ அவன் தட்டுக்குப் பக்கத்துல நின்னு பரிமாறிட்டிருந்தே."

"எனக்கு ஞாபகம் இல்ல."

"அம்மா, நீ வந்து உண்மையைச் சொல்லலைன்னா என்னை வழக்குல சேர்ப்பாங்க. இந்தம்மாவுக்கு ஒண்ணுமே கிடைக்காது. பக்கத்துலதான் நிக்கறாங்க. பேசறியா?"

மறுமுனையில் தம்பி மனைவி ஏதோ கேட்பதும், அம்மா ரிசீவரைப் பொத்திக்கொண்டு பதில் சொல்வதும் மட்டும் மங்கலாகக் கேட்டது.

"அவனுக்குப் பிள்ளை பிறக்கப்போகுதுடி" என்றாள் அம்மா. குரல் கம்மியிருந்தது, ஆனால் தடுமாறவில்லை. "உனக்குன்னு யாரு இருக்கா? நீ தாங்கிக்குவே."